பால் படாத சமையல்

பாலை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குழந்தைக்கு அப்போது இரண்டு மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் அவள் நாக்கில் பட்டதில்லை. கொடுக்காத பாலை எப்படி நிறுத்துவது?

“குழந்தைக்கு இல்ல சார், இவங்களுக்கு,” என்று டாக்டர் என் மனைவியைக் காட்டினார். “இவங்க சாப்பிடற பால், தயிர், மோர், நெய் எல்லாத்துலயும் மாட்டுப்பால் புரோட்டீன் இருக்கு. அது தாய்ப்பால் வழியா குழந்தைக்குப் போகுது. குழந்தையோட குடல் அதை ஏத்துக்கல. அதான் ரத்தம் வருது.”

ரத்தம் என்ற வார்த்தையை அவர் சளி, இருமல் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்கு அது சாதாரணமாக இல்லை. அன்று காலை டயப்பரைப் பிரித்தபோது மஞ்சளுக்கு நடுவே, சளியோடு சேர்ந்து, சிவப்பாக இரண்டு இழை கிடந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கத்தவில்லை. டயப்பரை அப்படியே சுருட்டி ஒரு பையில் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் படியிறங்கினாள். பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து கிளினிக்குக்கு ஆட்டோவில் போன வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

“நான் குடிச்ச காபியா டாக்டர்?” என்று இப்போதுதான் வாய் திறந்தாள்.

“காபியும்தான். பயப்படாதீங்கம்மா, எடை நல்லா ஏறியிருக்கு. ஒரு வயசு வாக்குல இது தானா சரியாயிடும். அது வரைக்கும் நீங்க பால் சம்பந்தப்பட்டது எதையும் தொடக்கூடாது. முட்டை, கறி எல்லாம் சாப்பிடுவீங்களா?”

“இல்ல டாக்டர். சைவம்.”

“அப்ப இன்னிலேர்ந்து நீங்க வீகன்,” என்று டாக்டர் சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வீகன் என்பதை, இந்திரா நகர்ப் பக்கம் பாதாம் பாலில் காபி குடிப்பவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு நாள் என் வீட்டு அடுப்படிக்குள் டாக்டர் சீட்டோடு வந்து நிற்கும் என்று யார் கண்டது?

என் மனைவிக்குக் கவலை வேறு. பிரசவம் ஆபரேஷனில் முடிந்து, குழந்தை சில நாள் கண்ணாடிப் பெட்டியில், டிரிப்ஸில் இருந்தது. பால் சுரக்கவில்லை. இனி வராது, பவுடருக்குப் போய்விடுங்கள் என்று நர்ஸிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. தையல் பிரியாத வயிற்றோடு உட்கார்ந்து, பம்ப்பை வைத்துச் சொட்டுச் சொட்டாக எடுத்தாள். முதல் தடவை குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தானாக வாயை எடுத்தபோது, வேலையில் பதவி உயர்வு வந்த நாளில்கூட இல்லாத ஒரு பெருமை அவள் முகத்தில் இருந்தது. அதனால் கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சாப்பாட்ட மாத்திட்டா போதும்ல? பால் குடுக்கிறத நிறுத்தச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“சொல்ல மாட்டாங்க,” என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், அப்போது வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

முறைப்படி பார்த்தால் அவள் ஆரணிப் பக்கம் இருக்கும் தன் அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆபரேஷன், கண்ணாடிப் பெட்டி என்று ஆகிவிட்டதால் அத்தைதான் பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் பத்தியச் சமையல் செய்துபோட்டார். அந்த நேரம் பார்த்து மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அத்தை அழுதுகொண்டே பஸ் ஏறினார். போகும்போது எனக்கு அரைநாள் சமையல் வகுப்பு எடுத்துவிட்டு, அலமாரி நிறையப் பொடியும் வத்தலும் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்குக்கு நடுவே குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடமிருந்து வந்த அன்று நான் அடுப்படியில் நின்று சுற்றிப் பார்த்தேன். சைவம் சைவம் என்று இத்தனை வருடம் மார்தட்டிக்கொண்டோமே, நாங்கள் சாப்பிட்டதில் பாதி மாட்டின் உபயம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. காலையில் வாசலில் பால் பாக்கெட். பிறகு காபி. இட்லிப் பொடிக்கு நெய், பொங்கலுக்கு நெய், பருப்புக்கு நெய். மத்தியானம் தயிர். ரசத்துக்குக்கூட நெய்யில் தாளிப்பு. பிள்ளை பெற்றவள் என்று இதில் எல்லாவற்றிலும் இரண்டு பங்கு வேறு.

சரி, கண்ணுக்குத் தெரிகிற பால்தானே, எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. ரொட்டிப் பாக்கெட்டைத் திருப்பி லேபிளைப் படித்தால் பால் பவுடர். ரஸ்க்கில் பால். உப்பு பிஸ்கட்டில் பால். உருளைக்கிழங்கு சிப்ஸின் மசாலாவில் பாலுக்கு என்ன வேலை? அதிலும் இருந்தது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்துத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஒரு பிஸ்கட் என்னை இப்படி ஏமாற்றும் என்று எதிர்பார்க்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வாரிப் போட்டு, கீழே வீட்டு ஓனர் அம்மாவிடம் கொடுத்தேன்.

அந்த அம்மா பிறந்ததே ஜீவனஹள்ளியில். தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுதான். பெட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏன் சாமி, பாணந்திக்குத் துப்பா போடாம ஊட்டாவா? பிள்ளை பெத்தவளுக்கு நெய் இல்லாம முதுகு எப்படி நிக்கும்?”

“டாக்டர் சொல்லிட்டாங்கம்மா.”

“டாக்டருங்க சொல்லுவாங்க. நீ ஸ்வல்ப, ஒரே ஒரு ஸ்பூன் ஊத்து, யாருக்குத் தெரியும்?” என்றார். அன்றிலிருந்து அவர் கிண்ணத்தோடு மேலே வரும்போதெல்லாம் நான் வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவேன். அவருக்கு வருத்தம்தான். எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

நான் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். கடையிலிருந்து வரும் பாக்கெட் எதுவும் கூடாது. வீட்டு அலமாரியில், எந்த டப்பாவில் ஒரே ஒரு பொருள் இருக்கிறதோ அது மட்டும்தான் அடுப்புக்குப் போகும். துவரம்பருப்பு டப்பாவில் துவரம்பருப்பு மட்டும்தான் இருக்கும். கொள்ளு டப்பாவில் கொள்ளு. எள், வேர்க்கடலை, கறுப்பு உளுந்து, ராகி மாவு, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நல்லெண்ணெய், பூண்டு. இரண்டு பொருள் கலந்திருந்தால் வெளியே. மோர் மிளகாய்ப் பாட்டிலைப் பார்த்ததும் ஒரு வெற்றிச் சிரிப்போடு தூக்கிப் போட்டேன். பெயரிலேயே மோர் இருக்கிறது, என்னிடமா?

ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலமாரி என்னைக் கைவிடவில்லை. கொள்ளை வறுத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தேன். வெந்த கொள்ளில் பூண்டும் காய்ந்த மிளகாயும் வைத்து அரைத்துத் துவையல். கறுப்பு உளுந்து மாவில் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் களி கிண்டி, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயைக் குழியில் ஊற்றிக் கொடுத்தேன். எள்ளையும் வேர்க்கடலையையும் இடித்து உருண்டை பிடித்தேன். ஓனர் அம்மா வீட்டு முருங்கையில் கீரை பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு. நெய் இல்லாத குறை எதிலும் தெரியவில்லை. அலுவலக மீட்டிங்கில் ஒருவன், சார் ஏதோ வாசனை இங்கே வரைக்கும் வருது என்று கிண்டல் செய்யும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

தயிர்தான் முடியவில்லை. தயிர்ச்சோறு இல்லாமல் என் மனைவிக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் தயிராகும் என்று எங்கோ கேட்டுவிட்டுச் செய்தேன். தோய்ந்தது உண்மை. ஒரு வாய் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

“தயிர் இல்ல. தயிரோட பெரியப்பா பையன்,” என்றாள். ஆனாலும் முழுவதும் சாப்பிட்டாள். ரத்தம் பார்த்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இத்தனைக்கும் மேலே, எனக்கு நம்பிக்கையாக இருந்தது ஒரு கண்ணாடிப் பாட்டில். அத்தை தன் கையால் போட்ட சுண்டைக்காய் வத்தல். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கு மருந்து, குழந்தைக்கும் நல்லது என்று சொல்லிச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்லெண்ணெயில் கறுக்க வறுத்து, நுணுக்கி, சூடான சோற்றில் போட்டுப் பிசைந்து முதல் பிடியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டில், ஒரு பொருள். என் விதிக்குள் அதைப்போலக் கச்சிதமாகப் பொருந்தியது வேறில்லை. தினமும் கொடுத்தேன்.

அத்தையிடம் நாங்கள் முழுவதையும் சொல்லவில்லை. குழந்தைக்கு வயிறு சரியில்லை, பால், தயிர், நெய்யை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னோம். ரத்தம் என்று சொன்னால் மாமாவைக் கட்டிலில் அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார் என்று என் மனைவி சொன்னாள். எனக்கும் அது சரியாகப்பட்டது.

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் இல்லாமல் இருக்கும், அப்பாடா என்று இருப்போம், அடுத்த நாள் மறுபடி இழை. டயப்பரைப் பிரிப்பதற்கு முன்பு என் மனைவி கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் பிரித்துப் பார்த்துச் சொல்வேன். இல்லை என்று சொல்லும் நாளில் அவள் கண்ணைத் திறந்து ஒருமுறை தானும் பார்ப்பாள். இருக்கிறது என்று நான் சொல்லவே வேண்டாம். என் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.

மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை.

“உண்மையச் சொல்லுங்கம்மா. மறந்தாப்புல கூட எதுவும் சாப்பிடலியே? ஒரு வாய் காபி, ஒரு ஸ்வீட்?”

நான் சட்டென்று என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான். அதை அவள் பார்த்துவிட்டாள். அவள் டாக்டருக்குப் பதில் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்ணும் சாப்பிடல டாக்டர்,” என்றாள் கடைசியில். “இவரு போடறத மட்டும்தான் சாப்பிடறேன்.”

“சரி. இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம். அப்பவும் நிக்கலன்னா, தாய்ப்பால நிறுத்திட்டு இந்தக் குழந்தைங்களுக்குன்னே இருக்கிற ஸ்பெஷல் பவுடருக்குப் போயிடலாம். குழந்தைக்கு ரத்தம் குறைஞ்சிடக் கூடாது பாருங்க.”

டாக்டர் சொன்னது நியாயம்தான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிட்டால் திரும்பவில்லை. என் பால்தான் இவளுக்கு ஆகவில்லையோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

நான் அலமாரிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பெருங்காயத்தை நிறுத்தினேன். மிளகாய்த்தூளை நிறுத்தினேன். பழைய நெய் ஒட்டியிருக்குமோ என்று தோசைக்கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கை கொப்பளித்தது. கடைசியில் வெறும் சோறு, பருப்பு, கீரை, வத்தல் என்று வந்து நின்றது. வயிற்றுக்கு மருந்தாயிற்றே என்று வத்தலை மட்டும் கூட்டினேன். மத்தியானம் ஒரு பிடியாக இருந்தது, ராத்திரிக்கும் சேர்த்து இரண்டு பிடி ஆனது. பாட்டில் காலியாகிக்கொண்டே வந்தது. அத்தைக்குப் போன் செய்து, வத்தல் தீரப்போகிறது, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று நானே கேட்டேன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் மீட்டிங் முடிந்து சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை வீடியோவில் கூப்பிட்டார். மாடியில் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் பழைய வேட்டியை விரித்து, அதில் சுண்டைக்காயைப் பரப்பியிருந்தது.

“மாப்ள, பாருங்க, உங்களுக்குத்தான். மார்க்கெட்டுக்குப் போயி நானே பொறுக்கி வாங்கியாந்தேன். நல்லா காயட்டும், பஸ்ல குடுத்து வுடறேன்.”

போனை அப்படியே திருப்பிக் காட்டினார். வேட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி. அதன் வாய்வரை வெள்ளையாக ஏதோ நின்றது. அதில் இன்னும் கொஞ்சம் காய் மிதந்தது.

“அது என்னங்கத்த, வெள்ளையா?” என்றேன்.

“மோருதான். புளிச்ச மோரு, உப்பு போட்டது. மோர் இல்லாம வத்தல் எப்படிப் போடறது? கசப்பு போவ வேணாமா?”

அத்தை பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

“காலைல எடுத்துக் காய வெக்கணும். சாயங்காலம் திரும்ப அதே மோர்ல போட்டுடணும். மோரு அத்தனையும் காய் உள்ள போயி, ஜாடில ஒரு சொட்டு இல்லாம வத்தணும் மாப்ள. அப்பதான் ருசி.”

நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பு மேடையில் பாட்டில் இருந்தது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம். பக்கத்தில் தட்டில், அன்றைய முதல் பிடி பிசைந்து தயாராக இருந்தது. ஒரு வத்தலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பும் கசப்பும் போன பிறகு, கடைசியில் ஒரு புளிப்பு நின்றது. இத்தனை நாளும் அந்தப் புளிப்பு அங்கேதான் இருந்திருக்கிறது. ரஸ்க்கில் இருந்த பாலைக் கண்டுபிடித்தவன், பிஸ்கட்டைத் துரத்தியவன், ஒரு சட்டி மோரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் காயைத் தினமும் வறுத்து, இரண்டு வேளையாக்கி, என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் தொப்பென்று உட்கார்ந்த சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பாட்டிலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் தெரியாது. ஸ்கூல், காலேஜ், வேலை என்று ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள். அம்மா மாடியில் ஏதோ காயவைப்பார், அது பாட்டிலில் வரும் என்பதோடு சரி. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பாட்டிலையே வெறித்துப் பார்த்தாள்.

“அப்ப என் பால நிறுத்த வேணாம்,” என்றாள். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

“வேணாம்னுதான் நினைக்கிறேன்.”

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாங்க.”

தட்டிலிருந்த சோற்றைக் கொட்டினேன். பாட்டிலைக் கழுவக்கூட எனக்கு மனமில்லை, அப்படியே குப்பை வண்டியில் போட்டேன். வத்தல் வறுத்த வாணலியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஓனர் அம்மாவிடம் கெஞ்சி ஒரு புதுச் சட்டி வாங்கிக்கொண்டேன். அத்தை அதற்குள் பலமுறை கூப்பிட்டுவிட்டார். டவர் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி, இப்போதைக்கு வத்தல் அனுப்ப வேண்டாம், டாக்டர் காரம் கசப்பு எல்லாம் குறைக்கச் சொல்கிறார் என்றேன். காயவைத்ததை என்ன செய்வது என்று கேட்டார். மாமாவுக்குக் கொடுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு சமைத்ததைப்போல நான் எப்போதும் பயந்து பயந்து சமைத்ததில்லை. என் விதியை நானே நம்பவில்லை. அரிசி, ராகி, பருப்பு, உப்பு, தேங்காய், கீரை, எண்ணெய். தேங்காயை என் கண்ணெதிரே உடைத்தால்தான் நம்பிக்கை. ராகிக் களியும் கீரைத் தண்ணீரும்தான், வேளைக்கு வேளை அதே சாப்பாடு. என் மனைவி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொள்வாள்.

முதலில் இழை மெலிந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு வெறும் மஞ்சள். மறுநாளும் மஞ்சள். அவள் இப்போது கண்ணை மூடுவதில்லை, தானே பிரித்துப் பார்த்தாள். டாக்டரிடம் போனபோது, அவர் வத்தல் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எங்க வீட்லயும் மோர்லதான் போடுவாங்க, எனக்கே தோணல பாருங்க என்றார். தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சீட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி உள்ளே குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் நான் பொய்யே சொல்லிவந்த அத்தையிடம் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று பால்கனிக்கு வந்து கூப்பிட்டேன். மாமாவைப் பற்றி விசாரித்தேன். பிறகு வாய் என்னை மீறிவிட்டது.

“பாப்பாவுக்கு நல்லாயிடுச்சுங்கத்த. ரத்தம் சுத்தமா நின்னுடுச்சு.”

“எந்த ரத்தம் மாப்ள?”

இனி மறைத்துப் பயனில்லை. டயப்பரில் வந்தது என்றேன். அவர் பதறுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் குரல் ரொம்பத் தணிந்து வந்தது.

“சளியோடவா? இழை இழையா?”

“ஆமாங்கத்த.”

“ரெண்டு மாசத்துலயா?”

பார்த்தவரைத் தவிர வேறு யாரும் அப்படிக் கேட்க முடியாது.

“இவளுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன் பொறந்தான் மாப்ள. அவன் வயித்துலயே போயிட்டான்னுதான் இவளுக்குத் தெரியும். அவனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. என் மாமியாரு பாத்துட்டு, உன் பால்தான் புள்ளைக்கு ஆவல, வெசம்னு சொல்லிட்டாங்க. மார்ல வேப்பிலை அரைச்சுப் பூசிப் பாலை நிறுத்துனாங்க. பசும்பால் காய்ச்சிக் குடுத்தோம். குடுக்கக் குடுக்க இன்னும் ஜாஸ்தியா போச்சு. ஜாஸ்தியாவ ஆவ, ஒடம்பு தேறணும்னு இன்னும் குடுத்தோம். அப்புறம் அவன் இல்ல.”

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப உங்க டாக்டரு இன்னா சொன்னாங்க, எதனாலயாம்?” என்று கேட்டார்.

சொன்னேன். மாட்டுப்பால்தான் ஒத்துக்கொள்ளாமல் போகிறது, அது அம்மா சாப்பிட்டால் அம்மா வழியாகப் போகிறது, தாய்ப்பாலில் குற்றம் எதுவும் இல்லை, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறார் என்றேன். வத்தலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் வேறு எங்கோ இருந்தார்.

“இவ பொறந்தப்ப எனக்குப் பால் ஊறி ஊறி வந்துச்சு மாப்ள. ரவிக்கையெல்லாம் நனைஞ்சிடும். நான் ஒரு வாட்டி கூட இவ வாயில வெக்கல. பயம். இவளும் போயிடுவாளோன்னு. கொல்லைல போயிப் பீச்சி, எறும்பு இல்லாத இடமா பாத்து ஊத்திட்டு வந்து, இவளுக்கு டப்பாப் பால் கரைச்சுக் குடுப்பேன். பசியில இவ என் மாரத் தேடி மூஞ்சிய முட்டுவா. நான் மாருக்கு எட்டாம இடுப்புல தூக்கி வெச்சுக்குவேன்.”

உள்ளே குழந்தை பால் குடிக்கும் சத்தம் பால்கனி வரை கேட்டது.

“அப்ப என் பால்ல ஒண்ணும் இல்லியா மாப்ள?”

நான் டாக்டர் இல்லை. கண்ணால் பார்க்காத ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

“இல்லங்கத்த,” என்றேன். “உங்க பால்ல ஒண்ணும் இல்ல.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன்.